கோலர் தெருவுக்கு அடியில் ஒரு ரயில்

ரோச்செஸ்டர்
மார்ச் 3

மதிப்பிற்குரிய ஐயா,

நூலகச் சுவரில் மாட்டியிருக்கும் சுரங்க ரயில் வரைபடத்தின் அடியில், "ஆட்சேபங்களை மார்ச் 15க்குள் எழுதி அனுப்பவும்" என்று போட்டு இந்த முகவரி இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். உங்கள் நீலப் பாதை கோலர் தெரு 41ஆம் எண் வீட்டுக்கு அடியில் போகிறது. அது என் சமையலறை.

வீட்டை வாங்குவதாக இருந்த டிமார்க்கோ படத்தைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்தார். "அம்மா, நாளைக்கு இடிச்சுத் தள்ளுவாங்க, எனக்கெதுக்கு இந்த வம்பு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் கணவர் காசிமிர் பக்கவாதம் வந்து சிரக்யூஸ் நகரத்தில் ஒரு காப்பகத்தில் இருக்கிறார். இப்போது அவர் வாயில் வருவது ஒரே பேச்சுதான்: "எப்ப வருவ?" வீடு விற்றால்தான் நான் அங்கே குடிபோக முடியும். பாதையை இரண்டு தெரு தள்ளிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஜெனிவீவ் வொய்தானிக்


மார்ச் 6

அன்புள்ள திருமதி வொய்தானிக் அவர்களுக்கு,

முதலில் என்னை மன்னியுங்கள். அப்படி ஒரு ரயில் இல்லை. வரப்போவதாகவும் தெரியவில்லை.

நான் முப்பத்தேழு வருடம் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போட்டவன். பழைய கால்வாய்ப் படுகையில் ஓடி, 1956இல் நின்றுபோன நம் ரயில் மறுபடி ஓடினால் எப்படியிருக்கும் என்று இந்தக் குளிர்காலத்தில் வரைந்து பார்த்து, நூலகத்தில் மாட்டினேன். நிஜமான திட்டப் படங்களில் ஆட்சேபத்துக்கு ஒரு வரி இருக்கும். அது இல்லாமல் படம் மொட்டையாகத் தெரிந்ததால் போட்டுவைத்தேன். வந்த ஒரே ஆட்சேபம் உங்களுடையது.

ரயில் திட்டம் எதுவும் இல்லை என்று கையெழுத்திட்ட தாள் ஒன்றை இணைத்திருக்கிறேன். டிமார்க்கோவிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
எம்மெட் ஸாவர்


மார்ச் 12

அன்புள்ள திரு. ஸாவர்,

காட்டினேன். இரண்டு முறை படித்தார். "இல்லாத ரயிலுக்கு ஒரு ஆள் உக்காந்து கையெழுத்துப் போட்டு இல்லைன்னு எழுதுவானா? ஏதோ இருக்கு" என்கிறார். அவர் பேசப் பேச, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நிஜமாகவே இல்லைதானே?

இல்லையென்றால் நகர்த்துவதில் உங்களுக்கு என்ன கஷ்டம்? நகர்த்துங்கள்.

ஜெனிவீவ் வொ.


மார்ச் 24

அன்புள்ள திருமதி வொய்தானிக்,

நிஜமாகவே இல்லை. நகர்த்திவிட்டேன். புதிய படம் நூலகத்தில் தொங்குகிறது.

கஷ்டம் இருந்தது. உங்கள் சமையலறைக்கு அடியில்தான் சரியான சரிவு கிடைத்திருந்தது. இப்போது ரயில் ஒரு வளைவில் திரும்ப வேண்டும், நான்கு நிமிடம் வீண். புதிய பாதை போகும் தெருக்காரர் ஒருவர் ஆட்சேபம் அனுப்பியிருக்கிறார். அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை.

காசிமிர் எப்படி இருக்கிறார்?

எம்மெட் ஸாவர்


ஏப்ரல் 9

அன்புள்ள எம்மெட்,

காசிமிர் அப்படியேதான் இருக்கிறார், அதே கேள்விதான். டிமார்க்கோ வேறு வீடு பார்த்துவிட்டார்.

ஞாயிறன்று புதிதாக ஓர் இளம் ஜோடி வந்தது. ஒவ்வொரு அறையாகப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண் போனை நீட்டி, "ஸ்டேஷன் எங்கங்க வருது? இந்தப் படத்துல வாசல்ல இருக்கு, நூலகத்துல ரெண்டு தெரு தள்ளியில்ல இருக்கு?" என்றாள். அவள் காட்டியது யாரோ முன்பே போனில் எடுத்துவைத்த உங்கள் பழைய படம். ஸ்டேஷன் பக்கத்தில் வருமென்றால் நான் சொன்ன விலைக்கே வாங்கிக்கொள்கிறார்களாம்.

நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்: படத்தில் பாதையை இங்கேயே திருப்பிப் போட முடியுமா? பத்திரம் முடியும்வரை மட்டும்.

ஜெனிவீவ்


ஏப்ரல் 18

அன்புள்ள ஜெனிவீவ்,

இரண்டு முறை "முடியாது" என்று எழுதிக் கிழித்தேன். அதில் ஒரு வாரம் போய்விட்டது. ஓடாத பேருந்துக்கு நான் ஒருநாளும் நேரம் போட்டதில்லை.

இன்று காலை பழைய படத்தையே மாட்டினேன். நூலகப் பெண், "என்ன ஸாவர், மறுபடியும் மாத்திட்டீங்களா? எதைத்தான் நம்புறது?" என்றாள். "இதை" என்றேன். அந்த ஜோடி வந்து கேட்டாலும் அப்படியே சொல்வேன். நீங்கள் காசிமிரிடம் போங்கள்.

செய்தது சரியா என்று எனக்கே விளங்கவில்லை. ஒரு வரி எழுதுங்கள்.

எம்மெட்


ஏப்ரல் 18

அன்புள்ள எம்மெட்,

உங்களிடமிருந்து பதில் இல்லை. அதுவே பதில் என்று புரிந்துகொண்டேன். நேற்று அந்த ஜோடியைக் கூப்பிட்டு ரயிலும் இல்லை, ஸ்டேஷனும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பையன், "அப்ப எதுக்குங்க அன்னிக்கு சும்மா இருந்தீங்க?" என்று கேட்டான். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

காப்பகத்துச் சமையலறைக்கு ஆள் வேண்டுமாம், மாடியில் ஓர் அறையும் தருகிறார்கள். எழுபது வயதில் உருளைக்கிழங்கு உரிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லையே. வீட்டைப் பூட்டிவிட்டு நாளை காலைப் பேருந்தில் போகிறேன். அங்கே என்ன விலாசம் என்று இன்னும் தெரியாது. இங்கே இனி எழுத வேண்டாம், எடுத்துப் படிக்க ஆள் இல்லை.

நான் அவ்வளவு கேட்டும், எனக்காக ஒரு பொய்க்கோடு போடாமல் இருந்தீர்களே, அதற்கு நன்றி.

ஜெனிவீவ்