என் மகளிடம் என்ன சொன்னீர்கள், மிஸ்?

என்றைக்கும் என் அன்புக்குரிய மிஸ்,

நீங்கள் மார்கழிக் குளிரில் கண்மூடினீர்கள். வைகாசியில் ஊரில் யுத்தம் முடிந்துவிட்டதென்று இங்கே கனடாவில் தமிழ் வானொலி சொன்னது. நான் நம்பவில்லை. முடிந்ததென்றால் முகாம்களில் சனத்தைச் சுற்றி ஏன் இன்னும் முள்ளுக்கம்பி?

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து, உங்களுக்குத் தெரியாததா. யாழ்ப்பாணத்தில் உங்கள் பெண்கள் பள்ளிக்கூட விடுதியில் என்னைச் சேர்த்த அம்மா, உங்களைக் கடைசிவரை நம்பவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்க அருகில் வேறு பள்ளிக்கூடம் இல்லாததால்தான் சேர்த்தார். கனடாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரி கடல் தாண்டி வந்து பெட்டைகளுக்குச் சும்மா படிப்பிப்பாளா?

சைவப் பிள்ளைகளுக்கென்று வெள்ளிக்கிழமைகளில் கோயிலடியிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டுச் சாமிப்பாட்டுச் சொல்லித்தர வைத்தீர்களே, அதோடு அம்மாவுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. “புழுக் குத்தாமல் ஆரும் தூண்டில் போடுறவையோ?” என்பார். என்னைப் பார்க்க வரும் நாளில் விடுதிக் கேற்றடியில் வைத்துப் பாட்டை முழுதாகப் பாடச் சொல்வார். பிழையில்லாமல் பாடினால் முகம் இன்னும் கறுக்கும்.

இப்போது நான் அம்மாவை விட மோசம். இங்கே பிறந்த என் மகள் யாழினி வவுனியாவுக்குப் போகப் போகிறாளாம், முகாமிலிருந்து வரும் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பிக்க. அனுப்புவது ஒரு தேவாலயக் குழு. இங்கே எங்கள் மல்வேர்ன் வீட்டுக் குசினியில் வைத்து அவளைக் குடைந்தேன்.

“ஆர் உவை? ஏன் உன்னைப் பிடிச்சவை? ஆமிக்காரன் விசாரிச்சா ஆர் வருவினம்?”

“அம்மா, நான் கனேடியன் சிற்றிசன்.”

“உன்ர பேரைப் பாத்தா ஆர் அப்பிடி நினைப்பினம்?”

அவள் திரும்பிக் கோப்பை கழுவினாள். எனக்குப் பயம் மிஸ். இருப்பது ஒரே பிள்ளை.

பிறகு என் சந்தேகம் உங்கள்மேல் திரும்பியது. முதியோர் இல்லத்தில் உங்களைப் பார்க்க யாழினியோடு வரும்போதெல்லாம் என்னைத் தேநீர் வாங்கக் கீழே அனுப்புவீர்கள். நான் திரும்பி வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்துவீர்கள். என் பிள்ளையின் காதில் என்ன ஓதினீர்கள்? நான் மதம் மாறவில்லையென்று மகளைப் பிடித்தீர்களா? இப்படிக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் யாழினியிடம் கேட்டே விட்டேன்.

“மிஸ் என்னைப் போகச் சொல்லேல்லை,” என்றாள். “அம்மாவைக் கேக்காமல் போகாதை எண்டுதான் சொன்னவ. தான் தன்ர அம்மாவுக்குச் சொல்லாமல் கப்பலேறினவவாம். லீவிலை திரும்பி வரேக்கை அம்மா இல்லையாம். அதுதான் உங்களைக் கேக்கிறன். நீங்கள் வேண்டாமெண்டா நான் போகேல்லை.”

எங்கள் எல்லோருடைய அம்மாமாரையும் விடுதிக் கேற்றடியில் நின்று வரவேற்ற நீங்கள், உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அழுதேன் மிஸ்.

அழுது முடித்ததும் பழைய குணம் வந்துவிட்டது. அவள் வாய்விட்டுக் கேட்டால் நான் மறிக்க மாட்டேன் என்று கணித்துத்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தீர்களோ? கெட்டிக்காரி நீங்கள்.

யாழினி இன்னும் என் பதிலுக்குக் காத்திருக்கிறாள். அந்தத் தேவாலயக் குழுவை நான் நம்பவில்லை, ஆமியை நம்பவில்லை, யுத்தம் முடிந்ததையும் நம்பவில்லை. ஆனால் உங்கள் அம்மாவை ஒருவரும் கேட்காத கேள்வியை என் பிள்ளை என்னிடம் கேட்டிருக்கிறாள். காலையில் ஓம் என்று சொல்வேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் பெட்டைகளில் ஒருத்தி,
யாழினியின் அம்மா