தட்டு காலியான நாட்கள்

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

இங்கே நானும் மகளும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் பக்கத்து அறையில் அவளுக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

அவள் இளைத்துத் துரும்பானதை என் தையல் மிஷினுக்குத்தான் முதலில் தெரியும். இடுப்பைப் பிடித்துத் தரச் சொல்வாள், பிடித்துத் தருவேன். பிறகு எல்லாவற்றுக்கும் முழுக்கை கேட்டாள். இந்தப் புழுக்கத்தில் எதற்கடி என்றதற்கு, இப்போது எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள் என்றாள். நம்பினேன்.

நீங்கள் வீடியோவில் தட்டைக் காட்டச் சொன்னீர்கள். நான் எதிரே உட்கார்ந்து காவல் காத்தேன். தட்டு காலியாகும் நாளெல்லாம் என் வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும்.

போன வாரம் அளவெடுக்கும்போது கையைக் கொடுக்க மறுத்தாள். பிடிவாதமாகச் சட்டைக் கையை ஏற்றினேன். பழைய தழும்பும் புதுக் காயமுமாக இருந்தது. யாரடி செய்தது என்று கத்தினேன். தானேதான் என்றாள். அழக்கூட இல்லை. சாப்பிட்டதற்குத் தண்டனையாம். நல்லா சாப்பிட்டேன்னு நீ சந்தோஷப்படுற அன்னைக்கெல்லாம்தாம்மா என்றாள். அந்தச் சொல் என்னை இன்னும் அறுக்கிறது.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். சாப்பாட்டு வியாதியும் இதுவும் பலருக்குக் கைகோத்தே வருமாம். ஒன்றை மட்டும் பிடித்து இழுத்தால் மற்றது முறுக்கிக்கொள்ளுமாம். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், திட்டக்கூடாது என்றார். நேற்று மறுபடி போக வேண்டிய நாள். வரமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நாளைக்கு மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பேன்.

கத்தரிகளைப் பெட்டியில் பூட்டியிருக்கிறேன். மேஜையில் ஒன்றுகூட இல்லாததைப் பார்த்து, தையல்காரி வீட்டில் கத்தரிக்குப் பஞ்சமா என்று துணி கொடுக்க வந்தவள் கேலி செய்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். போன் எடுத்ததும் சாப்பிட்டியாம்மா என்பீர்கள். பாசத்தில் கேட்பதுதான். அவளுக்கு அது விசாரணையாக இருக்கிறது. இனி வேண்டாம். அங்கே மழையா என்று அவளைக் கேட்கவிடுங்கள். உங்கள் அறைக்காரரின் குறட்டையைப் பற்றிச் சொல்லுங்கள், முன்பு அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். லீவு கிடைத்தால் உடனே வாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள் என்று கை தானாக எழுதிவிட்டது.

உங்கள்,
பாப்பா அம்மா