மாவரைத்தவரின் பேரன்

அன்பு ஹாவிஸ்,

நீயும் நம் மகன் வாரினும் சுகம்தானே? உன் இருமல் நின்றதா? கடல் கடந்து போர்தோ நகரில் படையோடு நான் நன்றாகவே இருக்கிறேன். ஒரு பல்தான் குறைகிறது. பயப்படாதே, சொல்கிறேன்.

விருந்தில் ட்ரோகோ பிரபு, என் கேடயத்திலிருக்கும் ஆலைச் சக்கரத்தைக் காட்டி, "இவரு பிரபுவாம்! இவரு பாட்டன் மாவு அரைச்சவன்யா!" என்று கத்தினான். நான் எழுந்தேன். அவன் எறிந்த ஜாடி பறந்து வந்து என் பல்லைப் பெயர்த்தது.

மறுநாள் படைத்தலைவர் விசாரித்தார். விசாரணையில் தோற்றால் கேடயத்திலிருக்கும் நம் குலச் சின்னம் பறிபோகும், வாரினுக்கும் கிடைக்காது. "உன் வம்சம் என்னப்பா?" என்றார். மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஆமாங்க, மாவு அரைச்சவர்தான். எதிரி நம்ம கோட்டையை வளைச்சப்போ ஆத்து வழியா மாவு மூட்டை கொண்டுபோய் எல்லாரையும் காப்பாத்தினார். அதுக்குத்தான் ராஜா இந்தச் சின்னம் கொடுத்தார். உள்ளே பட்டினி கிடந்தவங்கள்ல ட்ரோகோவோட பாட்டனும் ஒருத்தர். அந்த ரொட்டி இல்லேன்னா, இன்னிக்கு என்னைத் திட்ட இவரே இருந்திருக்க மாட்டார்."

தலைவர் சிரித்துவிட்டார். "நெசமாய்யா, ட்ரோகோ?"

"நெசந்தாங்க" என்று அவன் தலைகுனிந்தான். சின்னம் நமக்கே. மாலையில், என்னால் மெல்ல முடியாதே என்று அவனே கஞ்சி கொடுத்தனுப்பினான்.

கம்பளிக் காலுறை அனுப்பு. வாரினின் பாதத்தைத் துணியில் வைத்துக் கரியால் வரைந்து அனுப்பு, செருப்பு வாங்குகிறேன். உன் பாதத்தையும் வரை. உனக்குச் செருப்பு வேண்டாமென்றாலும் வரைந்து அனுப்பு.

கப்பல்காரன் அவசரப்படுத்துகிறான்.

உன் ஓஸ்பெர்ட்