என் கனத்துக்கு ஒரு பெல்ட்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். எங்கள் மாவு மில்லில் கூட்டமில்லை, நல்லதாய்ப் போயிற்று. நான் செய்த ஹோவர்கிராஃப்டை, காற்றில் எழும்பித் தண்ணீர் மேலும் ஓடும் வண்டியை, நானும் தம்பியும் வாசலுக்கு இழுத்தோம். நான் ஏறி உட்கார்ந்தேன். பழைய பைக் எஞ்சின், ஒரே உதையில் பிடித்தது. அடியில் கட்டிய ரெக்ஸின் பாவாடை உப்பி, நாலு விரல் உயரம் எழும்பியது! கத்தியே விட்டேன். அதற்குள் டப். காற்றாடியைச் சுழற்றும் பெல்ட் கழன்று தம்பியின் காலடியில்.

தண்ணீரில் ஒரு தடவையாவது இதை நான் ஓட்ட வேண்டும். தம்பி இசக்கி ஞாயிறு மஸ்கட் கிளம்புகிறான். அவன் இல்லாமல் குளம் வரை கொண்டுபோக முடியாது.

மாவு அரைக்க வந்த பெண்: "எக்கா, இதுல வத்தலு அரைக்கலாமா?"

9, புதன்

பெல்ட் வழுக்குகிறது போல. மில் பழக்கத்தில் பிடிப்புக்குக் குங்கிலியப் பொடி தூவினேன். புகை, நாற்றம், டப்.

பிறகு நூல் பிடித்துப் பார்த்தோம். எஞ்சின் புல்லி, காற்றாடி புல்லி, பெல்ட் ஓடும் இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில். பின்னே என்னதான் கேடு? சாப்பாடே இறங்கவில்லை. நாலு புரோட்டாதான்.

11, வெள்ளி

இசக்கி ஏறினான். கழலவில்லை! வாசலில் முழு வட்டம் அடித்தான். நான் ஏறினேன். டப்.

"எக்கா, கோவிச்சுக்காத. நீ உக்காந்தாத்தான் கழலுது. குளத்துல நான் ஓட்டுதேன், நீ கரையில நின்னு வீடியோ எடு."

"ஒடக்கான் மாதிரி ஒல்லியா இருந்துக்கிட்டுப் பேச்சப் பாரு! செஞ்சது யாருலே?"

அழுகை வந்தது. ஆத்திரம் அதைவிட. அவன் கொண்டுபோக வாங்கிய மங்குஸ்தான் முழுவதையும் நானே தின்று தீர்த்தேன்.

12, சனி

பல் தேய்க்கும்போது பிடிபட்டது! மில்லில் மிஷின் சிமெண்டுத் தரையில் போல்ட் போட்டு நிற்கும். அதன்மேல் யார் உட்காருவார்? அதே பழக்கத்தில் இதற்கும் காலியாக வைத்து நூல் பிடித்திருக்கிறோம். இது வெறும் ப்ளைவுட். நான் உட்கார்ந்தால் பலகை வளைகிறது, எஞ்சின் சாய்கிறது, புல்லி கோணுகிறது.

வாய் நுரையோடு ஓடி ஏறி உட்கார்ந்தேன். "ஏலே, இப்ப நூலப் பிடிலே!"

"எம்மாடி! அரை விரலு கோணலுக்கா!"

நான் அசையாமல் உட்கார, அவன் எஞ்சினுக்கு அடியில் தகடு கொடுத்து நிமிர்த்தினான். தோசையும் சட்னியும் அங்கேயே. ஸ்டார்ட் செய்தோம். கழலவில்லை!

சாயங்காலம், குளக்கரை

அக்கரை வரை போய்த் திரும்பினேன்! முகமெல்லாம் தண்ணீர். கொக்குகள் அலறிப் பறந்தன. பெல்ட் வைத்த இடத்திலேயே. எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. ஆடு மேய்ப்பவர்: "ஏலே, அந்தம்மா தண்ணி மேல பறக்குதுலே!"

அடுத்து இசக்கி. கூலிங் கிளாஸ், தோரணை வேறு. கரையை விட்டு நகர்வதற்குள் டப்.

மிதந்தபடி இப்போதும் கத்திக்கொண்டிருக்கிறான்: "எக்கா, உன் கனத்துக்கு ஒரு கோதுமை மூட்டை எடுத்துட்டு வாக்கா!"