சலவை அறையில் ஒரு வாசனை

ஆகஸ்ட் 12, திங்கள்
சலவை அறைச் சுவரில் வீட்டுக்கான பெரிய பேட்டரியை மாட்டிவிட்டார்கள். இனிப் புயலில் கரண்ட் போனாலும் குழந்தை ஜோலியின் மூச்சுக் கருவி நிற்காது. ஸ்தோத்திரம். போன வருஷம் என் அண்ணன் மகன் ஓடெல் கார் எஞ்சினை ஓடவிட்டு அதிலிருந்து வயர் இழுத்தான். அவன் மனைவி ரெனிட்டா குழந்தையின் உதடு நீலமாகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 15
சபையில் வரிக் கணக்கு எழுதித் தரும் எர்னஸ்டின் கேட்டாள்: "விலையில முப்பது சதவீதம் வரியில கழியும் ஓடெல். ஆனா பேட்டரி மூணு யூனிட்டாவது பிடிக்கணும். உன்னது எவ்வளவு?"
வீட்டுக்கு வந்து பார்த்தோம். நான்தான் டார்ச் பிடித்தேன். இரண்டரை. ஓடெல் தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்தக் கழிவை நம்பித்தான் வாங்கினான்.

ஆகஸ்ட் 17
விபத்தில் நொறுங்கிய ஏதோ மின்சாரக் காரின் பழைய பேட்டரியை ஓடெல் கொண்டுவந்து புதியதோடு கோத்துவிட்டான்.
"இப்ப மூணுக்கு மேல, அத்தை."
"பழசைச் சேர்த்தா செல்லுமாடா?"
"எல்லாமே புதுசுன்னு சொல்லிக்கலாம். எர்னஸ்டின் என்ன, பேட்டரிக்கு டாக்டரா?"
ரெனிட்டா சிரிக்கவில்லை. "குழந்தை தலைமாடு அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான், ஓடெல்."

ஆகஸ்ட் 21
சுவரில் கை வைத்தேன். வெதுவெதுப்பு. வெயிலாக இருக்கும்.

ஆகஸ்ட் 24
துணி மடிக்கப் போனேன். அறை முழுக்க இனிப்பு வாசனை, கனிந்த பேரிக்காய் போல. சோப்பு இல்லை, பூ இல்லை. எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும் — ஆண்டவர் பக்கத்தில் வந்தால் இப்படித்தான் மணக்கும். முட்டி போட்டு அழுதேன். இந்த வீட்டுக்கா? எங்களுக்கா?

ஆகஸ்ட் 25, ஞாயிறு
சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். எர்னஸ்டினும் இன்னும் மூன்று பேரும் வந்து சுவரில் கை வைத்து ஜெபித்தார்கள். ரெனிட்டா வாசலிலேயே நின்றாள்.
"நகப்பூச்சு வாடை மாதிரி இருக்கே அத்தை. எனக்குத் தலை வலிக்குது."
"நான் என்னைக்குடி நகப்பூச்சு போட்டேன்?"
"நாளைக்கு ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லணும்."
"ஆண்டவர் வந்திருக்காருன்னு பார்த்துச் சொல்ல ஆள் எதுக்கு, கண்ணு?"
எல்லாரும் சிரித்தார்கள். அவளும் விட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 29
வீடு எரிஞ்சு போச்சு. ஜோலி ஆஸ்பத்திரியில. புகைய நிறையக் குடிச்சிட்டா என் தங்கம். பேட்டரி கசிஞ்சா அப்படித்தான் இனிப்பா வாடை வருமாம், தீயணைப்புக்காரர் சொல்றார். முன்னாடியே யாருக்கும் வரலையான்னு கேட்டார். ரெனிட்டா என்னைப் பார்த்தா.

செப்டம்பர் 8, ஞாயிறு
எர்னஸ்டின் வீட்டில் எனக்கு ஒரு கட்டில். ரெனிட்டா ஜோலியைத் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள். குழந்தைக்கு இன்னும் ஆக்சிஜன் குழாயில்தான் மூச்சு. ஆராதனை முடிந்து வாசலில் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "குழந்தைக்காக ஜெபம் பண்ணுங்க" என்றாள். என் முறை வந்தது. கட்டிப்பிடித்தாள். "உடம்பைப் பார்த்துக்கோங்க அத்தை" என்றாள். ஜெபம் மட்டும் கேட்கவில்லை.