ஈர்ப்பும் நடுங்குமா என்று நீ கேட்டது

பக்கத்து வீட்டில் பெருநாளுக்கு வட்டிலப்பம் அவிகிறது. ஏலமும் கருப்பட்டியும் கலந்த வாசம் சமையலறைக்குள் வந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. நீ மௌத்தாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. உனக்குச் செய்ததையெல்லாம் செய்துவிட்டு, வாசம் பிடித்து உன்னை நினைக்கிறேனாம். வெட்கங்கெட்டவள் நான்.

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில் உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்த பெண்பிள்ளைகள் நாம் இருவர்தான். கணக்கில் நீ என்னைவிட ஒரு படி மேல். அது வகுப்புக்கே தெரியும். பரீட்சைக்கு முன்னமே உனக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். சாய்ந்தமருதில் உன் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தார்.

மூன்றாம் வருஷ லீவில் உன்னைப் பார்க்க வந்தபோது, வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டி கரைத்த தேங்காய்ப்பாலைத் துணியில் வடித்துக்கொண்டிருந்தாய். "என்னகா படிப்பிக்காங்க அங்க? சொல்லன்," என்றாய். நான் பெருமையாக அளந்தேன்: ஆதியில் அண்டம் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக இருந்ததாம். மிகமிகச் சிறிய அளவில் எதுவுமே சும்மா நிற்காதாம், நடுங்கிக்கொண்டே இருக்குமாம். அந்த நடுக்கத்தில் எங்கோ துளி அடர்த்தி கூட, ஈர்ப்பு அங்கே இன்னும் இழுத்து இழுத்து, அதுதான் நட்சத்திரக் கூட்டங்களாகத் திரண்டதாம்.

நீ வடிப்பதை நிறுத்திவிட்டாய்.

"அது சரிகா. மத்ததெல்லாம் நடுங்கக்குள்ள, ஈர்ப்பு மட்டும் நடுங்காம நிண்டிச்சா? அதுவும் நடுங்கியிருந்தா, கட்டிபட்டு வளர்ற கணக்கே மாறிடுமே? உங்களுக்குப் படிப்பிக்கிற சேரிட்டக் கேட்டுச் சொல்லு."

கேட்டேன். விரிவுரை நடுவில் எழுந்து, நீ சொன்னபடியே கேட்டேன். அவர் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஈர்ப்புக்கும், அந்த நடுக்கத்தைச் சொல்லும் குவாண்டத்துக்கும் சேர்த்து ஒரே கணக்கு எழுத இன்னும் யாராலும் முடியவில்லை. எழுதினால்தான் இதற்குப் பதில் வரும். அருமையான கேள்வி. நீயாகவே யோசித்தாயா?" என்றார்.

"ஓம் சேர்," என்றேன். நாக்குக் கூசவில்லையே எனக்கு! அன்றிலிருந்து அவர் என்னைத் தனியாகக் கவனித்தார். பட்டம் முடிந்ததும் அங்கேயே எனக்கு வேலை கிடைத்தது அவருடைய சிபாரிசில்தான்.

அடுத்த லீவில், மடியில் பிள்ளையோடு நீ கேட்டாய்: "என்ட கேள்வியக் கேட்டியா? என்ன சொன்னாரு?"

அவர் சொன்னதைச் சொன்னால், அதை யாருடைய பெயரில் கேட்டேன் என்பதும் வெளியே வருமே என்று பயந்தேன். "கேட்டன். அது பெரிய விசயமில்லயாம்," என்றேன்.

"அப்ப மொக்குக் கேள்வியாக்கும்," என்று சிரித்தாய். முகம் மட்டும் சுண்டிப்போயிருந்தது. அதன்பிறகு நீ என்னிடம் இப்படி எதுவுமே கேட்டதில்லை. பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம், அரிசி விலையைப் பற்றிக் கதைத்தோம். நீ கேட்காமல் விட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது. திருடியதைவிட அதுதான் கேவலம்.

நீ மௌத்தான அன்று, மையத்து வீட்டில் உன் மகளைக் கட்டிப்பிடித்து அழுதேன். "உம்மா உங்களப் பத்திப் பெருமையாச் சொல்லுவா சாச்சி," என்றாள். "தனக்குத்தான் படிப்பு ஏறல்லயாம். ஒருக்கா உங்களிட்ட மொக்குக் கேள்வியொண்டு கேட்டு வெட்கமாப் போச்சாம்."

அப்போதே, அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "இல்ல மகள், உம்மா என்னவிடக் கெட்டிக்காரி," என்பது மட்டும்தான் வந்தது. மையத்து வீட்டில் எல்லோரும் சொல்வதுதானே என்று அவள் தலையை ஆட்டிவிட்டு, வந்தவர்களுக்குப் பாய் விரிக்கப் போய்விட்டாள்.