ஐந்தாவது ஒப்பம்

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

அமைச்சுகளின் பொறுப்புகளை மாற்றி அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் வந்ததால், காணிக் கோப்புகளை எங்கள் அமைச்சிலிருந்து வேறு அமைச்சுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். நேற்று ஒரு கோப்பைத் திறந்தேன். உள்ளே அப்பாவின் கடிதம். இராணுவம் முகாமுக்கு எடுத்த எங்கள் காணியைத் திருப்பிக் கேட்டுப் பதினொரு வருடத்துக்கு முன் எழுதியது. எங்களிடம் வருமுன் நான்கு அமைச்சுகளுக்குப் போயிருக்கிறது. ஒருவரும் பதில் எழுதவில்லை. ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று ஒப்பமிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

எங்கள் அலுவலகத் தலைமை லிகிதர் யாகப்பு ஐயாவிடம் காட்டினேன்.

“பிள்ளை, காணி இப்ப எங்கடை பொறுப்பில்லை. நீரும் ஒப்பம் வைச்சு அனுப்பும்,” என்றார்.

அனுப்பிவிட்டேன்.

யாராவது கொழும்புக்கு வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். இங்கே தனியாகச் சமைத்தால் எதுவும் ருசிக்கவில்லை.

அப்பாவுக்கு வாசித்துக்காட்டும்போது கோப்பு விசயத்தை விட்டுவிடுங்கள். அதில் ஐந்தாவது ஒப்பம் என்னுடையது.

அவசரமாக,
வினோஜா